வீட்டில் மூலிகை வளர்க்கப் போகிறவர்களுக்கு: விதையிலிருந்து கோப்பை வரை

மூலிகைச் செடி வளர்ப்பது பற்றித் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் மண், தொட்டி, தண்ணீர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் நேராக இலையின் மருத்துவ குணங்களில் ஆரம்பிக்கிறார். எப்போது பறிப்பது, எந்த இடத்தில் வெட்டுவது, எப்படிக் காய வைப்பது, ஒரு கோப்பைக்கு எவ்வளவு போடுவது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அவற்றைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க எனக்கு நெடுநாள் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. மூன்று செடிகளோடு தொடங்குங்கள்

நாற்றுப்பண்ணைக்குப் போனால் கை நிறைய வாங்கத் தோன்றும். வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது உங்கள் வீட்டில் பயன்படப்போகும் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூலிகை பறிக்கப் பறிக்கத் தழைக்கும். யாரும் தொடாத செடி குச்சியாக நீண்டு, பூத்து, முதிர்ந்து போகும். அதனால் பயன்பாட்டை முதலில் முடிவு செய்துவிட்டுச் செடிக்கு வருவதே சரி.

முதல் மூன்றுக்கு என் பரிந்துரை புதினா, துளசி, கற்பூரவள்ளி. மூன்றும் தொட்டியில் வரும். புதினாவையும் கற்பூரவள்ளியையும் விதை வாங்காமலே தொடங்கலாம். கொத்தமல்லி எளிது என்று பலர் சொல்வார்கள். இலைக்கு எளிதுதான், ஆனால் திரும்பத் திரும்ப விதைக்க வேண்டும். ரோஸ்மேரியை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். அதிகத் தண்ணீரை அது பொறுக்காது. புதிதாக வளர்ப்பவர்கள் அன்பு மிகுதியால் தண்ணீரைத்தான் அதிகம் ஊற்றுவார்கள்.

2. செடிக்கு ஒரு சீட்டு, உங்களுக்கு ஒரு குறிப்பேடு

பலர் தாண்டிப் போகும் படி இது. உட்கொள்ளப்போகும் எந்தச் செடியையும் அதன் தாவரவியல் பெயரோடு வாங்குங்கள். வழக்குப் பெயர் மட்டும் போதாது. 'பிரமி' என்று கேட்டால் ஓரிடத்தில் வல்லாரையைத் தருவார்கள் (சென்டெல்லா ஆசியாட்டிகா), வேறோரிடத்தில் நீர்ப்பிரமியைத் தருவார்கள் (பகோபா மொன்னியேரி). இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். கற்பூரவள்ளியை ஓமவள்ளி என்றும் சொல்வதால், ஓம விதை அதிலிருந்துதான் வருகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஓமம் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த தனிச் செடி.

தொட்டியில் ஒரு சீட்டு குத்தி வையுங்கள். பெயர், தாவரவியல் பெயர், நட்ட தேதி, எங்கிருந்து வந்தது என்ற நான்கு விவரம் போதும். பென்சிலில் எழுதுங்கள். பல பேனா மைகள் வெயிலில் வெளுத்துவிடும். இதே விவரங்களை ஒரு குறிப்பேட்டிலும் எழுதி, முளைத்த நாள், முதல் பறிப்பு, பூச்சி வந்த நாள், தெளித்த மருந்து ஆகியவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விதைப்பை எப்போது வைப்பது என்று உங்கள் இடத்துக்குப் பொருத்தமாகச் சொல்லக்கூடியது அந்தக் குறிப்பேடு ஒன்றுதான்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: உணவுக்காக வளர்த்த செடியா, அழகுக்காக வளர்த்ததா? அழகுச் செடிகளுக்கு ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி போட்டிருக்கலாம். அது இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது. சரியான பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.

காட்டிலும் சாலையோரத்திலும் பார்த்த செடியைப் படத்தோடு ஒப்பிட்டுப் பிடுங்கி வருவது ஆபத்து. கொத்தமல்லி, பார்ஸ்லி குடும்பத்திலேயே ஹெம்லாக் என்ற கொடிய நச்சுச் செடி இருக்கிறது. இலைகள் பார்வைக்கு ஒத்துப்போகும். காம்ஃப்ரி என்ற மூலிகை என்று நினைத்து இதயத்தைத் தாக்கும் டிஜிட்டாலிஸ் இலையை உட்கொண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

3. இடமும் எடையும்

துளசி, ரோஸ்மேரி, எலுமிச்சைப் புல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். புதினா, கொத்தமல்லி, வல்லாரை 3 முதல் 4 மணி நேர வெயிலில் சமாளிக்கும். கடும் கோடையில் அரை நிழலையே விரும்பும். இடத்தைத் தீர்மானிக்கும் முன் ஒரு நாள் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பால்கனியிலோ மாடியிலோ வைப்பதாக இருந்தால் எடையைக் கணக்குப் போடுங்கள். நனைந்த மண்கலவை ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. மணல் அதிகமானால் அதற்கும் மேல். 20 லிட்டர் தொட்டி ஒன்று நனைந்தபின் 20 கிலோவைத் தாண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். தொட்டியிலிருந்து வடியும் நீர் கீழ்வீட்டுக்குப் போகாதபடி தட்டு வைப்பதையும் அதில் குறிப்பிட்டால் பிறகு பேச்சு வராது.

தரையில் நடுகிறவர்கள் பழைய கட்டடத்தை ஒட்டிய மண்ணைத் தவிர்க்கவும். பழைய பெயின்ட் உதிர்ந்த இடத்தில் ஈயம் தங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை செய்யுங்கள், அல்லது தொட்டிக்கு மாறுங்கள்.

4. பணத்தை மண்ணில் போடுங்கள்

செலவு என்று பார்த்தால் தொட்டிக்குக் குறைவாகவும் மண்கலவைக்கு அதிகமாகவும் ஒதுக்குங்கள். பழைய வாளி, உணவுப்பொருள் வந்த டப்பா எதுவும் போதும். அடியில் துளைகள் இருக்க வேண்டும், ஆழம் 15 முதல் 20 செ.மீ. வேண்டும். ரசாயனம் வந்த டிரம், பழைய டயர் வேண்டாம். பழைய பதப்படுத்திய மரப்பலகையில் ஆர்சனிக் இருக்கலாம், அதுவும் வேண்டாம்.

கலவைக்கு மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய உரம், ஒரு பங்கு தென்னை நார்க் கழிவு, ஒரு பங்கு தோட்ட மண். ரோஸ்மேரி, கற்றாழை போன்றவற்றுக்கு உரத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருமணல் சேருங்கள். தென்னை நார்க் கழிவைக் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். சில கட்டிகளில் உப்பு அதிகம் இருக்கும், நாற்றின் இலை விளிம்பு கருகும்.

மக்காத சாணத்தை இலை பறிக்கும் செடிக்கு இடாதீர்கள். நோய்க்கிருமி இருக்கும். வேறு வழியின்றி மண்ணில் கலந்தால், உரமிட்ட நாளுக்கும் மண்ணைத் தொட்டு வளரும் இலையைப் பறிக்கும் நாளுக்கும் இடையில் 120 நாள் விட வேண்டும் என்பது இயற்கை வேளாண்மையில் பின்பற்றப்படும் விதிகளில் ஒன்று.

தொடர்ந்து வரும் செலவையும் நினைவில் வையுங்கள். தொட்டி மண் ஆண்டுக்கு ஒரு முறை இறுகிவிடும். பாதி மண்ணை மாற்றி மக்கிய உரம் சேர்க்க வேண்டும்.

5. விதையா, தண்டா? எவ்வளவு நாள் ஆகும்?

புதினா: சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டைத் தேர்ந்தெடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு முழுகும்படி தண்ணீரில் நிற்க வையுங்கள். 1 முதல் 2 வாரத்தில் வேர் வரும். நட்ட 4 முதல் 6 வாரத்தில் பறிக்கலாம். புதினாவை வேறு எதோடும் ஒரே தொட்டியில் நடாதீர்கள். ஓடு தண்டால் பரவி மற்றதை நெருக்கிவிடும்.

கற்பூரவள்ளி: ஒரு கிளையை ஒடித்து, வெட்டு வாய் ஒரு நாள் உலர்ந்தபின் மண்ணில் குத்தினால் போதும். 2 முதல் 3 வாரத்தில் வேர் பிடிக்கும்.

துளசி: விதை மிகச் சிறியது. மண்மேல் தூவி, மெல்லத் தட்டி, தெளிப்பானால் நனையுங்கள். ஆழமாகப் புதைத்தால் வராது. வெப்பமான நிலையில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். இரண்டு மாதம் கழித்து ஒழுங்காகப் பறிக்கலாம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் போகும் இடமாக இருந்தால் உள்ளே எடுத்து வையுங்கள்.

கொத்தமல்லி: முழு உருண்டையில் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, வளரப்போகும் தொட்டியிலேயே விதையுங்கள். ஆணிவேர் உடையது, பிடுங்கி நட்டால் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் பூத்துவிடும். 7 முதல் 14 நாளில் முளைப்பு, 4 முதல் 6 வாரத்தில் இலை. 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை ஒரு வரிசை விதைத்தால் இலைக்குத் தட்டுப்பாடு வராது. வெயில் ஏறியதும் பூத்தண்டு விடுவது அதன் இயல்பு, மருந்து கிடையாது.

எலுமிச்சைப் புல்: வேரோடு கிடைத்த ஒரு தூரைப் பிரித்து நடுங்கள். 3, 4 மாதத்தில் வெட்டலாம்.

ரோஸ்மேரி: விதையில் காலம் கழிக்காதீர்கள், முளைப்பு மெதுவாகவும் குறைவாகவும் இருக்கும். செடியாகவே வாங்குங்கள். முதல் ஆண்டில் சிறிதளவு மட்டும் பறியுங்கள்.

பழைய விதைப் பொட்டலம் இருக்கிறதா? 10 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பாதிக்கும் குறைவாக முளைத்தால் புதிதாக வாங்குங்கள். பொட்டலத்தில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசிய விதை இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்தது. விதைக்கலாம், தின்னக் கூடாது.

6. தண்ணீர், உரம், பூச்சி

விரலை மண்ணில் 2 செ.மீ. இறக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் தண்ணீர் வேண்டாம். தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். புதினாவும் வல்லாரையும் ஈரத்தை விரும்பும். ரோஸ்மேரியும் கற்பூரவள்ளியும் நன்றாகக் காய்ந்தபின் குடித்தால் போதும். இலை வாடுகிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் வேர் அழுகுகிறது என்று பொருள். அங்கே மேலும் ஊற்றினால் செடி போய்விடும்.

தழைச்சத்து அதிகமானால் இலை பெரிதாகும், மணம் குறையும். மூலிகையில் நமக்கு வேண்டியது மணம்தான். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தாராளம்.

அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். தெளித்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, பொட்டலத்தில் சொன்ன இடைவெளி கழியும் வரை பறிக்காதீர்கள்.

7. பறிப்பது

செடி உங்களுக்கு எவ்வளவு காலம் தரும் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

நேரம்: காலையில், பனி உலர்ந்தபின், வெயில் கடுமையாகும் முன். மணம் தரும் எண்ணெய்கள் வெப்பத்தில் ஆவியாகின்றன. ஈர இலையைப் பறித்தால் உலர்த்தும்போது கறுக்கும், பூசணம் பிடிக்கும்.

பருவம்: துளசி, புதினா போன்றவற்றில் மொட்டு தலைகாட்டும் நேரத்தில் மணம் செறிவாக இருக்கும். பூ விரிந்தபின் செடியின் கவனம் விதைக்குப் போய்விடும், புதிய இலை குறையும்.

வெட்டும் இடம்: இலைகள் கிளம்பும் கணுவைத் தேடுங்கள். கணுவுக்குச் சற்று மேலே கத்தரியுங்கள். அந்தக் கணுவின் இரு பக்கமும் இரண்டு கிளைகள் வரும். அடுத்த முறை அந்த இரண்டையும் வெட்டினால் நான்கு. கணு இல்லாத இடத்தில் வெட்டினால் மிச்சத் தண்டு காய்ந்து கறுப்பாக நிற்கும். துளசி நாற்று மூன்று இணை இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சின்னச் செடியைக் கிள்ள மனம் வராது, தெரியும். ஆனால் அந்தக் கிள்ளல்தான் அதைக் குச்சியாகாமல் புதராக்கும்.

அளவு: ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்ச இலையால்தான் செடி மீள வேண்டும். புதினா மட்டும் விலக்கு. அது முதிர்ந்து நெருங்கிவிட்டால் மண்ணுக்கு 5 செ.மீ. மேலே மொத்தமாக வெட்டினாலும் திரும்பத் தழைக்கும்.

கீழே இருக்கும் பெரிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து நுனியை விட்டுவிடுவது பெரும்பாலோர் செய்வது. செடிக்கு உணவு தயாரிக்கும் இலைகள் போய், நுனி மட்டும் உயர்ந்துகொண்டே போகும். நுனியிலிருந்து வெட்டுங்கள். கொத்தமல்லி இதற்கு நேர்மாறு: வெளி இலையை எடுத்து, நடுக் குருத்தை விட வேண்டும்.

8. காய வைப்பதும் எடுத்து வைப்பதும்

வெயிலில் காய வைக்காதீர்கள். நிறமும் மணமும் போய்விடும். காற்றோட்டமான நிழலில், 35 முதல் 40 டிகிரி வெப்பம் போதும். ரோஸ்மேரி போன்ற வறண்ட இலைகளைக் கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடலாம். துளசி, புதினாவில் நீர் அதிகம், கொத்தின் நடுவில் பூசணம் வரும். இலைகளைப் பிரித்து வலையிலோ துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கற்பூரவள்ளியும் கொத்தமல்லியும் காய வைக்க ஏற்றவையல்ல, பச்சையாகவே பயன்படுத்துங்கள்.

1 முதல் 2 வாரத்தில் இலை நொறுங்கும் பதம் வரும். தண்டு வளையாமல் ஒடிய வேண்டும். கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஒரு வாரம் தினமும் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் வெளியே கொட்டி மீண்டும் உலர்த்துங்கள். பூசணம் தெரிந்தால் முழுவதையும் எறியுங்கள், நல்ல பகுதியைப் பொறுக்க வேண்டாம். குப்பியில் பெயர், பறித்த தேதி எழுதி இருட்டில் வையுங்கள். இலைகள் ஓராண்டுக்குள் தீர வேண்டும். கசக்கி முகர்ந்து மணம் வராவிட்டால் உரக்குழிக்கு அனுப்புங்கள்.

இரண்டு நாளைக்குத்தான் என்றால் துளசித் தண்டைப் பூங்கொத்து போலத் தண்ணீரில் நிறுத்தி ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் குளிரில் கறுக்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: பச்சை இலையையோ பூண்டையோ எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். காற்றில்லாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கலாம். பார்வையிலும் வாசனையிலும் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் இலையை அரைத்து எண்ணெயோடு பனிக்கட்டித் தட்டில் உறைய வையுங்கள்.

9. கோப்பைக்கும் சட்டிக்கும்

சமையலில் பச்சை இலை மூன்று பங்கு, காய்ந்தது ஒரு பங்கு என்பது கணக்கு. மென்மையான பச்சை இலையை இறக்கும்போது சேருங்கள். ரோஸ்மேரி போன்றதைத் தொடக்கத்திலேயே போடலாம்.

தேநீருக்கு ஒரு கோப்பை கொதிநீரில் ஒரு டீஸ்பூன் காய்ந்த இலை, அல்லது அதற்கு மும்மடங்கு பச்சை இலை. மூடி வைத்து 5 முதல் 10 நிமிடம். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போகும். வேர், பட்டை என்றால் 15, 20 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்க வேண்டும். புதிய செடியை முதல் நாள் கால் கோப்பை மட்டும் குடித்துப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, மூச்சிறுக்கம் வருகிறதா என்று கவனித்து, பிறகு அளவைக் கூட்டுங்கள்.

கற்றாழையில் தோலுக்கு அடியில் மஞ்சள் பால் உண்டு. அது கடும் பேதி மருந்து. மடலை வெட்டிச் சாய்த்து அந்தப் பால் வடிந்தபின், தோலை ஆழமாகச் சீவி, நடுவில் உள்ள தெளிந்த சோற்றைக் கழுவி வெளிப்பூச்சுக்கு எடுங்கள். முழு மடல் சாற்றை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற 2பி பிரிவில் சேர்த்திருக்கிறது. தோலோடு அரைத்துக் குடிப்பதை விட்டுவிடுங்கள்.

10. மருந்தாக எடுப்பதற்கு முன்

உணவில் மணத்துக்குப் போடும் அளவு வேறு, மருந்தென்று நாள்தோறும் எடுக்கும் அளவு வேறு. இரண்டாவதற்கு வருகிறவர்கள் ஒரு தாளில் மூன்றை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்: இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எடுக்க நினைக்கும் மூலிகையின் தாவரவியல் பெயர், எந்தப் பகுதி எவ்வளவு என்ற அளவு.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் பார்ஸ்லி போன்ற கரும்பச்சை இலைகளைத் திடீரென்று கூட்டக் கூடாது. அவற்றின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மனச்சோர்வுக்குச் சிலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் மருந்து உட்படப் பலவற்றின் பலனைக் கெடுக்கும். அறுவை சிகிச்சை இருந்தால் எல்லா மூலிகையையும் முன்கூட்டியே சொல்லுங்கள்; குறைந்தது 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கலந்த எந்தச் சாறும் கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகே புதினா எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் தடவாதீர்கள், மூச்சுத் திணறல் வரலாம். கடையில் விற்கும் வாசனை எண்ணெய் இலையைவிடப் பன்மடங்கு செறிவானது, உட்கொள்ளக் கூடாது. வீட்டில் பூனை, நாய் இருந்தால் கற்றாழையையும் கற்பூரவள்ளியையும் எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டும் அவற்றுக்கு நஞ்சு.

11. செடியைக் கொடுக்கும்போதும் கொண்டுபோகும்போதும்

பறித்தது மிஞ்சும்போது அக்கம்பக்கத்தில் கொடுக்கத் தோன்றும். கொடுங்கள், ஆனால் சீட்டோடு: பெயர், தாவரவியல் பெயர், பறித்த தேதி, உட்கொள்ளவா வெளிப்பூச்சுக்கா என்பது. விற்க நினைத்தால் உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு விதிகளைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நோய் தீரும் என்று உறையில் எழுதினால் பல நாடுகளில் அது மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும்.

நாடு விட்டு நாடு போகும்போது விதையோ தண்டோ பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 1951-இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பல நாடுகள் புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழைக் கேட்கின்றன. சில செடிகளுக்குப் போய்ச்சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் முன்பே வாங்க வேண்டும். மண் ஒட்டிய வேரைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். பயணச்சீட்டு எடுத்ததுமே இரு நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அலுவலகங்களிலும் விசாரியுங்கள். சோதனை முடிந்து சான்றிதழ் கைக்கு வர அவகாசம் வேண்டும்.